இவ்வழி மூடப்பட்டுள்ளது

1. கல் விழுந்த காலை

மழைக்காலம் நெருங்கினால் பேரூராட்சி ஆபீசில் யாரும் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. வாய்க்கால் தூர் வார வேண்டும். தெருவிளக்குக் கம்பங்களில் துருப்பிடித்ததைப் பார்க்க வேண்டும். இடிகிற நிலையில் இருக்கும் வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அப்படி ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், பழைய தெருவின் பின்பக்கம் ஒரு சுவரிலிருந்து கல் விழுந்துவிட்டது என்று போன் வந்தது.

நான் அப்போது அங்கே ஓவர்சியர். மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டுக்காரி. கண்மாய், ஊருணி, மண்சுவர் என்றால் அத்துப்படி. கடலோரத்து ஊர் எனக்குப் புதிது. ராமநாதபுரத்திலிருந்து டவுன் பஸ் போகிற தூரம்தான் என்றாலும், வீடு கட்டிய விதமே வேறு. பழைய தெரு முழுக்க, அந்தக் காலத்தில் கப்பலில் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. உள்ளே தேக்குத் தூண், கனமான உத்திரம். அந்தக் குடும்பங்களின் ஆண்களில் பலர் இப்போது துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள்.

செயல் அலுவலரும் நானும் ஜீப்பில் போனோம். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் உத்தரவு முதலில் வரும், யோசனை பின்னால் வரும். ஜீப்பை விட்டு இறங்கியதும் விறுவிறுவென்று சந்துக்குள் நுழையப் போனவரை, முனையில் இருந்த டீக்கடைக்காரர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"சார், உள்ள போகாதிய. இது பொம்பளைக முடுக்கு."

முடுக்கு என்றால் இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு நடுவே ஓடுகிற ஒடுங்கிய சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரை ஒட்டித் திரும்பி நிற்க வேண்டும். அந்த ஊரில் அதில் பெண்கள் மட்டும்தான் நடப்பார்கள். ஆண்கள் நுழைவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. காலங்காலமாக அப்படித்தான்.

முனையில் நின்றபடியே எட்டிப் பார்த்தோம். நடுவாக்கில் ஒரு சுவர் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி புடைத்து நின்றது. அடியில் கற்கள் சிதறிக் கிடந்தன.

"சார், நான் உள்ள போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"விழுகிற சுவருக்கு அடியில நீங்க போய் நிக்கவாம்மா? முதல்ல ரெண்டு முனையையும் அடைங்க. பார்க்கிறதெல்லாம் பிறகு."

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு முனையிலும் தகர ஷீட் நிறுத்தி, அதன்மேல் போர்டு மாட்டினோம். 'எச்சரிக்கை. இவ்வழி மூடப்பட்டுள்ளது. மீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். செயல் அலுவலர்.' பெயிண்டர் நல்ல சிவப்பில் எழுதியிருந்தார். கலெக்டர் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ போனது. ஆபத்தான பாதை அடைக்கப்பட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

2. மூடிய வழியில் இடியாப்பம் வந்தது

நாலைந்து நாள் கழித்து, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க அதே தெருவில் வீடு வீடாகப் போனேன். கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மாறாவிட்டால் குளோரின் இல்லை. பெண் ஊழியர் என்பதால் எனக்கு அடுப்படி வரைக்கும் வழி விடுவார்கள்.

கதீஜா என்கிற பெண்ணின் வீட்டு அடுப்படியில் குப்பியோடு நின்றேன். நாற்பது வயது இருக்கும். குரல் மட்டும் பஸ் ஹாரன். புருஷன் சவூதியில் டிரைவர். அவள் எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், தட்டில் இடியாப்பம் வைத்துத் துணி மூடி எடுத்து வந்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி தூக்குச்சட்டியோடு வந்தாள். அவளுக்கும் பின்னால், குர்ஆன் ஓதப் போகிற சின்னப் பெண் பிள்ளைகள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஓடினார்கள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. குப்பியை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்கு ஓடினேன். வெளியே அதே முடுக்கு. வலது பக்கம் தூரத்தில் நாங்கள் நிறுத்திய தகர ஷீட் வெயிலில் பளபளத்தது. இடது பக்கம் இன்னொரு ஷீட். நடுவே சந்தைக்கடை மாதிரி பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். புடைத்த சுவருக்கு நேர் அடியில் இரண்டு பெண்கள் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தாடி! அங்கன நிக்காதீங்க! வெலகுங்க, வெலகுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர்கள் பயந்து சிதறினார்கள்.

"என்னம்மா, பாம்பா?" என்றாள் கதீஜா.

"இது மூடுன வழிம்மா!"

"யாரு மூடுனா?"

"நாங்கதான். பேரூராட்சி. போர்டு வச்சிருக்கோமே, பாக்கலையா?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க தெரு முனையத்தானே மூடுனிய? அந்தப் பக்கமா நாங்க என்னைக்குப் போனோம்? எங்க கொல்ல வாசல் தொறந்துதானே கெடக்கு. ஆனா ஒண்ணு, மூடுனது நல்லதாப் போச்சு. பஜார் பயலுக முனையில வந்து சிகரெட் குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போயிட்டு நிப்பானுக. இப்ப ஒருத்தனையும் காணோம்."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பது இதுதான். முடுக்குக்கு வாசல் இரண்டு முனையில் இல்லை. ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் இருக்கிறது. தெருவில் நின்று பார்க்கிற ஆண்களுக்கு முனை தெரியும், அவ்வளவுதான். நாங்கள் யாரும் நுழையாத இடத்தை அடைத்துவிட்டு, எல்லோரும் நடக்கிற இடத்தைத் திறந்து போட்டிருந்தோம். அந்த நாலைந்து நாளில் சுவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"சரி, இத்தனை பேரு எங்க போறீங்க? அப்படி என்ன அவசரம்?"

"ஜொஹரா லாத்தா வூட்டுக்கு" என்றாள் கதீஜா, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல. லாத்தா என்றால் அக்கா. "அவுக இத்தாவுல இருக்காக. தனியா உக்காந்து சாப்புட வுட முடியுமா?"

3. ஜொஹரா

புடைத்து நின்றது ஜொஹராவின் வீட்டுக் கொல்லைச் சுவர்தான். அந்தச் சுவரின் ஒரு கோடியில் அவருடைய கொல்லைக் கதவு. அதற்கு நேர் எதிரே கதீஜாவின் கதவு. நான் முடுக்கைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து உள்ளே போனேன்.

ஐம்பதைத் தாண்டிய பெண். வெள்ளைச் சேலை. கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது அவர்கள் மார்க்கம். அதைத்தான் இத்தா என்பார்கள். மகன் சவூதியின் தம்மாமில், மகள் சென்னையில். அந்தப் பெரிய வீட்டில் அவர் மட்டும். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலைந்து பேர் என்று முடுக்கு வழியாகப் பெண்கள் வந்து கூட உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசிவிட்டுப் போவார்கள். தெருவாசல் பூட்டியே கிடந்தது.

சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் பதறவில்லை.

"மகனுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. யாரோ உங்க போர்டப் போட்டோ எடுத்து அனுப்பிட்டாக. தெனம் போனு. 'முடுக்க மூடிட்டாகளாமே, இனி அங்கன யாரு வருவா, தங்கச்சி வூட்டுக்குப் போயிருங்க உம்மா'ங்கிறான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேட்டேன். உசுருக்கு ஆபத்துன்னா வேற வூட்டுக்குப் போலாம், தப்பில்லைன்னு சொல்லிட்டாக. தப்பான்னு எனக்குப் பயமில்ல. எனக்கு மனசில்ல. எங்க வூட்டுக்காரவுக கண்ண மூடி மௌத்தான வூட்டுலதான் நான் இத்தாவ முடிக்கணும். இப்பப் பூட்டிட்டுப் போனேன்னா இந்த வூடு திரும்பத் தொறக்காது. தெருவுல பாருங்க, எத்தன வூட்டுல பூட்டுத் தொங்குதுன்னு."

அவர் சொன்னது பொய்யில்லை. வரி வசூலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். அந்தத் தெருவில் பூட்டிய வீடு முதலில் வௌவாலுக்கு, பிறகு புரோக்கருக்கு, பிறகு ஜேசிபிக்கு என்று போகும்.

கொல்லைச் சுவரை உள்பக்கமிருந்து தட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கெட்டியாகவும் இன்னொரு இடத்தில் கொடகொடவென்றும் கேட்டது. மேல்பூச்சு புதுச் சிமெண்ட். எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வாங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுண்ணாம்பைக் கூழாக்கிவிடும். உப்புக்காற்று ஊரில் கேட்கவே வேண்டாம்.

"ஏம்மா சாயுது? இத்தன வருசம் நின்ன சுவருதானே" என்று கேட்டார் ஜொஹரா.

அந்தச் சிமெண்டை யார் பூசச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதுப்பூச்சு. கணவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். "மேல டேங்க்ல கசிவு இருக்கும் போல, தண்ணி இறங்கியிருக்கு" என்று பூசி மெழுகினேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று சிரித்தார்.

"அவுக சிமெண்டு பூசுனதாலதானே? கொத்தனாரு அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, வேண்டாம் பாய், வேண்டாம் பாய்னு. கேக்க மாட்டாகளே! மகன் அனுப்புன பணத்துல சுவரு பளபளன்னு இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. பூசி முடிச்சு நாலு தடவ என்னக் கூப்புட்டுக் காட்டுனாக. நல்லாருக்கா, நல்லாருக்கான்னு. நான் அடுப்புல வேலையா இருந்தேன். நல்லாத்தான் இருக்கு போங்கன்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல."

சிரித்துக்கொண்டே சொன்னவர் கடைசி வார்த்தையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன். ஓவர்சியர் வேலைக்குப் போன இடத்தில் அழலாமா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

4. ஆணி அடிக்கச் சொன்னார்

ஆபீசுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். செயல் அலுவலருக்கு முகம் வெளுத்துவிட்டது. கலெக்டர் ஆபீசுக்குப் போன போட்டோ அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"அப்ப எல்லாக் கொல்லைக் கதவுக்கும் நோட்டீஸ் குடுங்க. வெளியில இருந்து கட்டையை வச்சு ஆணி அடிச்சு மூடுங்க."

"சார், அந்தம்மாவுக்கு வெளியுலகமே அந்தக் கதவுதான். மூடுனா அவங்க சென்னைக்குப் போயாகணும்."

"போகட்டுமேம்மா. பொண்ணு வீடுதானே? அடுத்தவங்க வீடா?"

"சார், உங்க அம்மாவை அப்படிச் சொல்வீங்களா?"

கேட்ட பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. என் வாய் அப்படி. பணிக்காலம் முழுக்க அந்த வாயால் மாற்றல் வாங்கியவள் நான். அவர் மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லம்மா. நாளைக்கு அந்தச் சுவருக்கு அடியில ஒரு பிள்ளை போச்சுன்னா, நான் சஸ்பெண்ட் ஆகுறதை விடுங்க, வீட்டுல போய்ச் சோறு திங்க முடியுமா? உங்களால முடியுமா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். இரண்டு பேரும் சரி என்றால் வேலைக்காரன் என்ன செய்வான்? வழி தேடுவான்.

"சார், முடுக்கு முழுக்க ஆபத்தில்ல. புடைப்பு நடுவுலதான். ஜொஹராம்மா கதவும் கதீஜா கதவும் நேருக்கு நேரா, சுவரு கெட்டியா இருக்கிற கோடியில இருக்கு. அந்த ரெண்டு எட்டு மட்டும் தொறந்திருக்கட்டும். மத்ததுல ஒருத்தரையும் நடக்க விடாம இருக்கிறது என் பொறுப்பு. சுவரை முட்டுக் கொடுத்துப் பிரிச்சு இறக்கிருவோம்."

"மத்த பொம்பளைங்க கதீஜா வீட்டுக்கு எப்படி வருவாங்க? பறந்தா?"

நேரே கதீஜாவிடம் போய்க் கேட்டேன். பதில் கதீஜாவிடம் இருந்தது. அந்த வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே உள்கதவு உண்டாம். கல்யாணம், களரி விருந்து என்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்களாம். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வானத்தைப் பார்க்காமலே போய்விடலாம் என்றாள். பீரோவும் நெல் டிரம்மும் வைத்து மறைத்திருந்த கதவுகளை அன்று சாயங்காலமே நகர்த்தித் திறந்தார்கள். ஆணி வேண்டாம் என்று செயல் அலுவலரும் ஒத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எல்லோரும் வீட்டுக்குள்ளேயே நடந்து, கதீஜாவின் அடுப்படிக்கு வந்து, அங்கிருந்து முடுக்கைக் குறுக்கே தாண்டி ஜொஹராவின் வீட்டுக்குப் போனார்கள். "எங்க அடுப்படி பஸ் ஸ்டாண்டா மாறிப்போச்சு. டிக்கெட்டுதான் கிழிக்கல" என்று கதீஜா அலுத்துக்கொண்டாள். அலுப்பு வாயில்தான். முகத்தில் இல்லை.

5. சட்டிச் சத்தம்

முனியசாமிக் கொத்தனார்தான் வந்தார். முன்பு சிமெண்ட் வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேல பாதியப் பிரிச்சே ஆகணும்மா. அதுக்கு முன்னாடி முட்டுக் கொடுக்கணும். சந்து ஒடுக்கமா இருக்கு, சாய்ச்சு முட்டுக் கொடுக்க எடமில்ல. எதுத்த சுவத்துக்கும் இதுக்குமா குறுக்க கட்ட போடணும்" என்றார்.

எதிர்ச்சுவர் கதீஜாவுடையது. கேட்கப் போனேன். "அதுக்கென்ன, லாத்தா சுவரு எஞ் சுவத்துல சாஞ்சிக்கிட்டு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய சவூதிக்காரப் புருஷனிடம் பிறகுதான் சொன்னாளாம்.

கட்டைக்கு முனியசாமி பாம்பன் பக்கம் போனார். பழுது பார்க்கப் படகைக் கரையில் ஏற்றினால், சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுப்பார்கள். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படிப்பட்ட கட்டைகளை இரவல் வாங்கி வந்தார். மீன் வாடையோடு வந்து இறங்கின.

அடுத்த சிக்கல், ஆண்கள் முடுக்குக்குள் நிற்க வேண்டும். ஜொஹரா வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. மற்றப் பெண்களுக்கும் கூச்சம். கடைசியில் காலையிலிருந்து மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் கொத்தனார் நேரம், அதற்குப் பிறகு பெண்கள் நேரம் என்று பிரித்துக்கொண்டோம். கொல்லைக்குள் நின்று செய்கிற வேலைக்கு என் ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு சித்தாள் பெண்களை வரச் சொன்னேன். முனியசாமி உள்ளே நுழையும்போது கரண்டியால் இரும்புச் சட்டியைத் தட்டிக்கொண்டே வருவார். சத்தம் கேட்டதும் கொல்லைக் கதவுகள் டப் டப்பென்று சாத்திக்கொள்ளும்.

"இத்தன வருசமா கொத்து வேல பாக்குறேன். நான் வந்தா கதவச் சாத்துற ஊரு இது ஒண்ணுதாம்மா" என்பார்.

"ஏன், உங்க வீட்டுல சாத்துறதில்லையா?" என்று நான் கேட்டேன். சித்தாள்கள் சிரித்துச் சிரித்துச் சட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

6. மழை முந்திக்கொண்டது

மேல்பாதியில் பெரும்பகுதியைப் பிரித்தாகிவிட்டது. கடைசியாகக் கொஞ்சம் தூரம், புடைப்பை ஒட்டி முட்டுக்கட்டை எட்டாத பகுதி பாக்கி. அன்று லுஹர் பாங்கு சொல்லி முனியசாமி கிளம்பிப் போன பிறகு கடல் பக்கமிருந்து கருகருவென்று மேகம் ஏறியது. நான் கதீஜாவின் அடுப்படியில் நின்றேன். ஜொஹரா அவருடைய வீட்டில் கொல்லைக் கதவை ஒட்டிய அறையில், மகனோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாக மகனின் குரல் எனக்கே கேட்டது. "உம்மா, டிக்கெட் போட்டுர்றேன். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போக மச்சான் காரு கொண்டு வருவாரு. இனிமே பேச்சில்ல."

மழை அடித்து ஊற்றியது. அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. திடுதிடுவென்று ஒரு சத்தம். பாக்கி இருந்த சுவர் மொத்தமாக முடுக்கில் சரிந்தது. சுண்ணாம்புத் தூசி மழையையும் மீறிப் புகையாக எழுந்தது. எட்டு நாளைக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்த அதே இடம்.

யாரும் அங்கே இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கிறதா? கதீஜா கொல்லைக் கதவில் நின்று அந்த ஹாரன் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஆமினா!"

"இருக்கேன்!"

"பரீதா!"

"இங்கனதான்!"

"மும்தாஜ் புள்ளைக!"

"ஓதிட்டு வந்துருச்சு, வூட்டுலதான் இருக்கு!"

ஒவ்வொரு கதவாகப் பதில் வந்தது. யாராவது பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் நானும் சேர்ந்து அந்தப் பெயரைக் கத்தினேன். கடைசியாகக் கதீஜா, "லாத்தா!" என்றாள்.

"இருக்கேன் புள்ள. அல்ஹம்துலில்லாஹ். எல்லாரும் இருக்கியளா?" என்றார் ஜொஹரா.

சத்தம் கேட்டு டீக்கடைக்காரர் போன் செய்திருக்கிறார். செயல் அலுவலர் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார். முனையில் அவரே வைத்த போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். தகர ஷீட்டைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். அவர் அதிகாரி, அன்றைக்கு யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் ஷீட்டைக் கையால் தட்டினார். "அம்மா! உள்ளே வரலாமா? யாருக்கும் அடியில்லையே?" என்று கத்தினார். மழைக்கு அவருடைய குரல் உடைந்து கேட்டது.

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல சார்!" என்று நான் கத்தினேன். அவர் அந்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார் என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஜொஹராவின் போன் கட்டாகாமல் கட்டிலில் கிடந்தது. சுவர் விழுந்த சத்தம், கதீஜா பெயர் சொல்லிக் கூப்பிட்டது, கதவு கதவாக வந்த பதில் எல்லாவற்றையும் அவருடைய மகன் தம்மாமில் இருந்து கேட்டிருக்கிறான். ஜொஹரா போனை எடுத்தபோது மறுமுனையில் அழுகைச் சத்தம்தான் வந்தது. பிறகு, "கதீஜா மாமிகிட்டக் குடுங்க உம்மா" என்றான்.

கதீஜா முடுக்கைத் தாண்டிப் போய் வாங்கி, "என்னப்பா, டிக்கெட்டு போடணுமா?" என்றாள்.

"வேணாம் மாமி. நீங்க பாத்துக்குங்க" என்றான்.

7. போர்டு

மழை விட்ட இடைவெளிகளில் சுவரைத் திரும்பக் கட்டினோம். பழைய கல்லையே கழுவி எடுத்து, சுண்ணாம்பிலேயே கட்டச் சொன்னேன். சிமெண்ட் பூச்சு எங்கெல்லாம் மிச்சமிருந்ததோ அங்கெல்லாம் முனியசாமி கொத்தி எடுத்தார். கதவு ஓரத்தில் கெட்டியாக நின்ற பகுதிக்கு வந்தபோது ஜொஹரா உள்ளேயிருந்து சித்தாளிடம் சொல்லியனுப்பினார்.

"கதவுகிட்ட இருக்கிறத மட்டும் வுடச் சொல்லு. ஒரு மொழம்தானே. அதுனால சுவரு வுழுந்துருமா?"

முனியசாமி என்னைப் பார்த்தார். வேலை முறைப்படி அதையும் எடுக்கத்தான் வேண்டும். "ஒரு மொழத்துக்கு ஒண்ணும் ஆகாது. விட்டுருங்க" என்றேன். அந்த ஒரு முழம் சிமெண்ட் இன்னமும் பளபளவென்று இருக்கிறது.

இத்தா முடிந்த மறுநாள் நான் தகர ஷீட்டுகளையும் போர்டுகளையும் கழற்ற ஆட்களோடு போனேன். சுவர் நேராகிவிட்டது, ஆபத்து இல்லை, பாதையைத் திறக்கலாம் என்று செயல் அலுவலர் சொல்லிவிட்டார். முனையில் ஸ்பேனரைப் போட்டதும் உள்ளேயிருந்து கதீஜாவின் ஹாரன்.

"ஏய், நிறுத்து, நிறுத்து! யாரு போர்டக் கழட்டுறது?"

திரும்பிப் பார்த்தேன். முடுக்கு நடுவே ஒரு கூட்டமே வந்தது. முன்னால் ஜொஹரா, கத்தரிப்பூக் கலர்ச் சேலை. புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்து வந்தார். நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு, வீட்டுச் சுவருக்கு வெளியே அவர் நடந்த முதல் நடை அது. முனைக்கு வந்ததும் போர்டை ஒருதரம் நிதானமாக வாசித்தார்.

"இதக் கழட்டாதியம்மா. இருக்கட்டும்."

"வழி திறந்தாச்சும்மா. மூடின போர்டு எதுக்கு?"

"யாருக்கு மூடியிருக்கு? எங்களுக்கா? இது வச்சதுல இருந்து முனையில ஒரு பய வந்து நிக்கல. ஒரு பீடிப் புகை இல்ல. பொட்டப் புள்ளைக பயமில்லாம ஓதப் போவுது. எங்களுக்குப் பேரூராட்சி செஞ்ச நல்ல காரியம் இந்தப் போர்டு ஒண்ணுதான்."

"அந்த நடவடிக்கை எடுக்கப்படும்னு எழுதியிருக்கே, அது ரொம்ப நல்லாருக்கு" என்றாள் கதீஜா.

செயல் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். "மூடாத வழிக்கு மூடுனதா போர்டா? ஆடிட்டுல என்னம்மா பதில் சொல்றது?" என்று தலையில் கை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "தகர ஷீட்டை மட்டும் எடுங்க. போர்டு காத்துல விழுந்துராம சுவத்துல நல்லா டைட் பண்ணி வச்சிட்டு வாங்க" என்றார்.

ஓவர்சியராகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வழியை மூடச் சொன்னால், அதில் யார், எந்தக் கதவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு மூடுங்கள். நீங்கள் உள்ளே போக முடியாத வழியாக இருந்தால், போக முடிகிற ஒருத்தியை அனுப்புங்கள். அவளிடம் கேட்காமல் கலெக்டருக்குப் போட்டோ அனுப்பாதீர்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். பழைய தெருவில் இன்னும் சில வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. ஜொஹராவின் வீட்டில் இல்லை. முனையில் போர்டு அப்படியே நின்றது. வெயிலில் சிவப்பு மங்கியிருக்க வேண்டும், மங்கவில்லை. கதீஜா ஒவ்வொரு பெருநாளுக்கும் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறாளாம். நான் போர்டைத் தாண்டி உள்ளே நுழைந்து, சுவரை ஒட்டி நடந்தேன். எதிரே தட்டோடு வந்த பெண் ஒருத்தி எனக்கு வழிவிட்டுத் திரும்பி நின்றாள்.